காற்றும் சரிபாதி

அச்சுவேலி,
09.03.2025

அன்புள்ள சகலன் றொகானுக்கு,

நானும் கலாவும் மாமா மாமியும் சுகமாக இருக்கிறோம். உம்முடைய நளாவும் மகள் ஆரணியும் எங்களைவிடச் சுகம், ஏனென்றால் அவர்கள் கீழே கடையில் குளிரக் குளிர இருக்கிறார்கள். தோகா வெயிலில் நீர் எப்படி இருக்கிறீர்? நேரத்துக்குச் சாப்பிடுகிறீரா?

போனில் கதைக்காமல் மின்னஞ்சல் எழுதுவதற்குக் காரணம் உமக்கே தெரியும். உமது பெயர் போனில் விழுந்தால் மாமா என் கையிலிருந்து அதைப் பறித்துவிடுவார். பிறகு அரை மணித்தியாலம் உமது புகழ். இது நீரும் நானும் மட்டும் பேசவேண்டிய விஷயம்.

கட்டடத்தின் படங்களைப் பார்த்திருப்பீர். மாமா வெங்காய வியாபாரத்தில் தேடியது முழுவதையும் போட்டுக் கட்டினார். மேல்மாடிக் கலியாண மண்டபத்தை மூத்தவள் கலாவுக்கும், கீழே உள்ள உடுப்புக் கடையை இளையவள் நளாவுக்கும், கலியாணத்தில் பேசி நிலுவையில் நின்ற சீதனமாக எழுதிக் கொடுத்தார். நான் கூட்டுறவுச் சங்கத்து வேலையை விட்டுவிட்டு மண்டபத்தைப் பொறுப்பெடுத்தேன். ஏசி மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான். பின்பக்கம் ஒரு பெரிய இயந்திரம். அதிலிருந்து வரும் தகரக் குழாய் பிரிந்து ஒரு கிளை மேலே போகிறது, ஒரு கிளை கீழே போகிறது.

மாசியில் முதல் கலியாணம் நடந்தது. தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையின் தலைப்பாகையிலிருந்து வேர்வை ஒழுகிற்று. பெண்ணின் சித்தப்பா என் காதுபடவே, "இதென்ன மண்டபமோ, வெதுப்பகமோ?" என்றார். சனம் கை கழுவிய ஈரம் காயமுன் ஓடிப்போயிற்று. அதே நேரம் கீழே கடையில் வேலை செய்கிற பிள்ளைகள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள்!

அன்று பின்னேரம் மாமா எல்லோர் முன்னாலும், "றொகான் இஞ்சை நிண்டிருந்தால் உப்பிடி நடந்திருக்குமே?" என்றார். எனக்கு வயிறு எரிந்தது. உம்மிடம் மறைத்து என்ன, நன்றாகவே எரிந்தது.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதேயும். பெரிய கட்டடங்களுக்குக் காற்றைப் பங்கிட்டுக் கொடுப்பதுதானே உமது தொழில். உமது மனிசியின் கடைக்குக் கொஞ்சம் கூட விடச் சொல்லி ஏசி பூட்டிய கொந்தராத்துக்காரரிடம் ஏதும் கதைத்தீரா?

பதிலை எதிர்பார்த்தபடி,
கேதீஸ்வரன்

தோகா,
14.03.2025

அன்புள்ள கேதீஸ் அண்ணைக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம் என்று முதல் பந்தியில் வாசித்துச் சந்தோஷப்பட்டேன். கடைசிப் பந்தியில் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. நானும் சுகம்தான். சாப்பாடு மெஸ்ஸில், குறையில்லை.

கொந்தராத்துக்காரர் யாரென்றே எனக்குத் தெரியாது. அந்தக் கட்டடத்தை நான் போனுக்குள்தான் கண்டேன். உங்கள் கடிதம் வந்த பிறகு நளாவிடம் கேட்டு நடந்ததை அறிந்தேன். குழாய் பிரிகிற இடத்தில் கிளைக்கு ஒரு டாம்பர் இருக்கும். டாம்பர் என்பது குழாய்க்குள்ளே திரும்புகிற ஒரு தகடு, அவ்வளவுதான். பூட்டிய அன்று மாமா நேரே போய் நின்று, "எனக்கு ரெண்டு பிள்ளையளும் ஒண்டு. காத்தும் சரிபாதி" என்று சொல்லி, இரண்டு தகட்டையும் ஒரே சரிவில் வைத்து இறுக்குவித்தாராம். சீதன உறுதி எழுதுவது போலக் காற்றையும் எழுதிவிட்டார்.

அதுதான் பிழை. கடையில் ஒரு நேரத்தில் பத்துப் பேர் நிற்பார்கள். மண்டபத்தில் ஐந்நூறு பேர், தலைக்கு மேலே வெயில் காய்கிற கொங்கிறீற் கூரை, நடுவிலே ஓமத் தீ. கடைக்கு ஒரு பங்கு போதுமென்றால் மண்டபத்துக்கு நாலைந்து பங்கு வேண்டும். போதாததற்குக் கடைக்குப் போகிற குழாய் குட்டை, உங்களுடையது நீளம். தகடுகள் ஒரே சரிவில் நின்றாலும் உங்களுக்குப் பாதி வந்து சேராது.

மாமாவுக்கு நான் சொல்லி விளங்கப்படுத்துகிறேன். அண்ணை, எனக்கு லீவு இருக்கிறது. மூன்று வருஷமாக ஊருக்கு வரவில்லை. வந்தால் எல்லாவற்றையும் அளந்து சமப்படுத்தித் தந்துவிடுவேன். வரட்டுமா?

ஆரணிக்கு முன்பல் ஆடுகிறதாமே. விழுந்தால் சொல்லுங்கள்.

அன்புடன் தம்பி,
றொகான்

அச்சுவேலி,
22.03.2025

அன்புள்ள தம்பி றொகானுக்கு,

இங்கு யாவரும் நலம். மாமிக்கு மட்டும் முழங்கால் பழைய பாட்டைப் பாடுகிறது. நீரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

உம்மைச் சந்தேகப்பட்டு எழுதியதை மறந்துவிடும். ஆனால் நீர் வரவேண்டாம். லீவை இதில் வீணாக்காதேயும். செய்முறையை எழுதி அனுப்பும், நான் செய்கிறேன். எனக்கும் ஏணி ஏறத் தெரியும்.

உண்மையைச் சொன்னால், நீர் வந்து நாலு நாளில் திருத்திவிட்டுப் போய்விடுவீர். பிறகு இந்த வீட்டில் காலம் முழுக்க இருக்கப்போகிறவன் நான். மாமா வெற்றிலை போடும் போதெல்லாம் அந்த நாலு நாளைச் சொல்லிச் சொல்லியே என்னைத் தின்றுவிடுவார். அது எனக்கு ஏலாது.

பல் விழுந்துவிட்டது. பள்ளிக்கூடத்தால் கூட்டிவரும் வழியில் மோட்டார் சைக்கிளில் என் முன்னால் இருந்தபடியே தானே பிடுங்கி என் கையில் தந்தாள். "பெரியப்பா, நீங்கள்தான் கூரையிலை எறியவேணும்" என்றாள். எறிந்தேன். ஓட்டில் பட்டு நின்றதும் அவள் கைதட்டியதைப் பார்த்திருக்க வேண்டும்! வலியே இல்லையாம்.

அன்புடன்,
கேதீஸ்வரன்

தோகா,
30.04.2025

அன்புள்ள அண்ணைக்கு,

நலம். மாமியின் முழங்கால் எப்படி? வேலை கூட, அதனால் பதில் பிந்திவிட்டது.

மாமாவிடம் கதைத்தேன். சரிபாதியைக் கைவிடச் சம்மதித்துவிட்டார். இனிச் செய்முறை. காற்று அளக்கிற சின்ன மீட்டர் ஒன்று, கையில் பிடிக்கிறது, தேடி எடுங்கள். கிறில் என்பது குழாயிலிருந்து காற்று வெளியே வருகிற கம்பி வாய். மண்டபத்தின் ஒவ்வொரு கிறிலிலும் காற்று எவ்வளவு வருகிறது என்று அளந்து, ஆகக் குறைவான கிறிலைக் கண்டுபிடியுங்கள். அனேகமாக அது சாப்பாட்டுப் பக்கத்துக் கடைசிக் கிறிலாக இருக்கும். அதை முழுக்கத் திறந்தபடி விட்டுவிடுங்கள், தொடவேண்டாம். மணவறைக்கு மேலே உள்ள கிறில்கள் இயந்திரத்துக்குக் கிட்ட. காற்றைக் கூட எடுப்பவை அவைதான். ஒவ்வொரு கிறிலுக்குப் பின்னாலும் ஒரு சிறிய தகடு உண்டு. அந்தத் தகட்டால் மணவறைக் கிறில்களை மெல்ல மெல்ல மூடுங்கள்.

தகட்டால் காற்றைக் கூட்ட முடியாது, குறைக்கத்தான் முடியும். கூட உள்ள இடத்தில் குறைத்தால்தான் இல்லாத இடத்துக்குப் போய்ச் சேரும். ஒன்றைத் தொட்டால் மற்ற எல்லாம் கொஞ்சம் மாறும். ஆகையால் திரும்பத் திரும்பச் சுற்றி வந்து அளக்கவேண்டும். கடைக்குப் போகிற பெரிய தகட்டைக் கடைசியாகத் தொடுங்கள், அதுவும் மீட்டரைப் பார்த்து.

பல் விஷயம் அறிந்தேன்.

றொகான்

அச்சுவேலி,
06.05.2025

தம்பி றொகானுக்கு,

சுகம். அங்கும் அப்படியே என்று நம்புகிறேன்.

உமது செய்முறையை வாசித்துக் கலாவுக்கும் வாசித்துக் காட்டினேன். மண்டபத்தில் ஒழுங்காகக் காற்று வருவது மணவறைப் பக்கம் மட்டும்தான். அதைப் போய் மூடு என்கிறீர். கடைப் பக்கத்தைத் தொடாதே என்கிறீர். இதைப் படித்தவர்கள் காற்றுச் சமப்படுத்தல் என்பார்களாக்கும். எங்கள் ஊரில் இதற்கு வேறு பெயர்.

சரிபாதியை விடச் சொல்லி நான் ஒன்றரை மாதமாகக் கெஞ்சினேன். மாமா அசையவில்லை. நீர் போனில் இரண்டு வசனம் சொன்னதும், "ஓம் தம்பி, நீர் சொன்னால் சரிதான்" என்றாராம். அதை என்னிடமே வந்து சொன்னார்! நான் பக்கத்தில் இருந்து சொல்வது அவர் காதில் ஏறாது. கடல் தாண்டி வந்தால்தான் ஏறும்.

எப்படியோ, இப்போது மண்டபத்துக்குக் காற்றுக் கூடிவிட்டது. எப்படி என்று கேட்காதேயும். இனி நீர் மினக்கெட வேண்டாம்.

கேதீஸ்வரன்

தோகா,
15.05.2025

கேதீஸ் அண்ணைக்கு,

எப்படி என்று நான் கேட்கத் தேவையில்லை. முந்தநாள் ஆரணி போனில் சொன்னாள்: "அப்பா, கடையிலை ஒரே வேர்வை. அம்மா மேசை ஃபான் வாங்கி வைச்சிருக்கிறா. பெரியப்பா ஏணி கொண்டு பின்பக்கம் போனவர்." நளாவிடம் கேட்டேன். அக்கா வீட்டைப் பற்றி அவள் ஒருநாளும் சொல்லமாட்டாள்.

மாமா என்னைப் புகழ்வதைக் கேட்டு உங்களுக்கு எரிகிறது. அந்தப் புகழ் போனுக்குள்ளால் வருகிறது அண்ணை, அழைப்பை வைத்ததும் முடிந்துவிடும். உங்களுக்குக் கிடைப்பது என்ன என்று யோசித்தீர்களா? என் மகள் பள்ளிக்கூடத்தால் உங்களோடு வருகிறாள். காய்ச்சல் என்றால் நீங்கள் தூக்கிக்கொண்டு ஓடுகிறீர்கள். என் வீட்டுக் கிணற்று மோட்டர் நின்றாலும் நீங்கள். அவளின் முதல் பல்லைக் கூரையில் எறிந்ததும் நீங்கள். அதை வாசித்த அன்று எனக்கு உங்களைப் பிடிக்கவே இல்லை. ஒரு மாதத்துக்கு மேல் பதில் போடாமல் இருந்தது வேலையால் அல்ல.

நீங்கள் கெட்டது ஒன்றும் செய்யவில்லை, தெரியும். நல்லதைச் செய்கிறீர்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஏசவும் முடியாது.

அந்தக் கட்டடத்தில் எனக்குத் தெரிந்த வேலை ஒன்று இருந்தது. அதைச் செய்துகொடுத்துவிட்டு, அந்த வீட்டில் ஒரு மருமகனாக இருந்து ஒருநேரம் சாப்பிடலாம் என்று நினைத்தேன். வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றீர்கள்.

கடைத் தகட்டைத் திறந்துவிடுங்கள்.

றொகான்

அச்சுவேலி,
20.07.2025

அன்புள்ள தம்பி றொகானுக்கு,

சுகம் விசாரிக்கக்கூட முகமில்லாமல்தான் இரண்டு மாதம் எழுதாமல் இருந்தேன். நீர் சுகமா? இங்கே மாமியின் முழங்கால் பரவாயில்லை.

நான் கடைத் தகட்டை நெரித்துவிட்டு வந்த கையோடு மண்டபத்தில் ஒரு பிள்ளை பெரியபிள்ளையான சாமத்திய வீடு நடந்தது. மணவறைக்கு மேலே காற்று அடித்த அடியில் சோடனைப் பூவெல்லாம் பறந்தது. குத்துவிளக்கு அணைந்தது. கொளுத்தினார்கள், திரும்பவும் அணைந்தது. மாமி வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிள்ளையின் தாய் அழத் தொடங்கிவிட்டாள். அவ்வளவு காற்று முன்னால் வீச, சாப்பாட்டுப் பக்கத்துச் சனம் வாழையிலையைக் கிழித்து விசுக்கிக்கொண்டிருந்தது. நீர் எழுதியது எழுத்துக்கு எழுத்துச் சரி.

உமது கடிதம் வந்த அன்றே கடைத் தகட்டைத் திறந்துவிட்டேன். நளாவிடம் போய், "நான்தான் பிள்ளை பூட்டினனான், பிழை விட்டிட்டன்" என்றேன். "தெரியும் அத்தான்" என்றாள். ஒரு பேச்சுப் பேசியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆவணி நடுவில் பஞ்சலிங்கம் முதலாளியின் மகளுக்கு எங்கள் மண்டபத்தில் கலியாணம். அச்சுவேலி, புத்தூர் முழுக்க வரும். அன்றும் வெந்தால் இனி இந்தப் படியில் ஒருவரும் ஏறமாட்டார்கள். சங்கத்து வேலையையும் விட்டாயிற்று, எனக்குப் போக்கிடம் இல்லை. மீட்டர் ஒன்று இரவல் வாங்கி வைத்திருக்கிறேன். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல இன்னொருதரம் எழுதும்.

நீர் எழுதிய மற்ற விஷயங்களை இன்னும் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

அன்புடன்,
கேதீஸ்வரன்

தோகா,
27.07.2025

அன்புள்ள அண்ணைக்கு,

நலம். உங்கள் கடிதம் கண்டு கோபம் இறங்கிவிட்டது. விளக்கு அணைந்த இடத்தில் சிரித்தும்விட்டேன், மாமிக்குச் சொல்லவேண்டாம்.

இத்துடன் படம் கீறி அனுப்புகிறேன், அந்த ஒழுங்கில் போங்கள். கதவு யன்னலெல்லாம் பூட்டிவிட்டு அளந்து பாருங்கள். மீட்டரைக் கிறிலின் நடுவில் மட்டும் பிடிக்காமல் முழுவதும் மெல்லத் தடவிக்கொண்டு போங்கள். முதல் சுற்றில் ஒன்றும் சரிவராது, மனம் விடவேண்டாம். மூன்றாம் சுற்றில் உங்களுக்கே பிடிபடும். நான் முதன்முதல் செய்த கட்டடத்தில் ஏழு சுற்றுப் போனேன். கடைசிக் கிறிலில் காற்று வந்ததும் கீழே நிற்கிறவர்களின் முகத்தைப் பாருங்கள். இந்தத் தொழிலில் எனக்கு அதுதான் பிடிக்கும்.

செப்ரெம்பர் நடுவில் என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள். ஊருக்கே வந்துவிடட்டுமா என்று மாமாவிடம் கேட்டுப் பார்த்தேன். "சும்மா வந்து நிண்டு என்ன செய்யப் போறீர் தம்பி?" என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான்.

கலியாணம் சிறப்பாக நடக்கும்.

அன்புடன்,
றொகான்

அச்சுவேலி,
03.09.2025

அன்புள்ள தம்பி றொகானுக்கு,

எல்லோரும் சுகமோ சுகம்! நீரும் அப்படியே இரும்!

வென்றாயிற்று. ஒரு கிழமை ஏணியோடு குடும்பம் நடத்தினேன். கலா சோற்றை ஏணிக்கே கொண்டுவந்து தந்தாள். நாலாம் சுற்றில் பிடிபட்டது. சாப்பாட்டுப் பக்கத்துக் கடைசிக் கிறிலின் கீழே மாமியை ஒரு கதிரையில் இருத்திவிட்டுக் கடைசித் தகட்டைத் திருப்பினேன். "என்னடா தம்பி, கழுத்துக்குள்ளை குளிருது" என்றார். ஏணியில் நின்றபடி சத்தம்போட்டேன். கடையும் அளவாக இருக்கிறது, மேசை ஃபானை நளா எடுத்துவிட்டாள்.

கலியாணத்தன்று சனம் எழும்பவே மறுத்துவிட்டது. இலை போட்டுச் சாப்பிட்ட பிறகும் இருந்து கதைத்தார்கள். பஞ்சலிங்கம் முதலாளி என் தோளில் கை போட்டு, "உப்பிடிக் குளிர்ச்சியான கலியாணம் நான் காணேல்லை" என்றார். பக்கத்தில் நின்ற மாமா நெஞ்சை நிமிர்த்தி, "எங்கடை மூத்த மருமகன் தன்ரை கையாலை செய்தது" என்றார். பதினாலு வருஷத்தில் என்னைப் பற்றி அவர் வாயில் வந்த முதல் நல்ல வார்த்தை!

உமது பெயர் என் நாக்கு நுனி வரை வந்தது. கொஞ்ச நேரம் கழித்துச் சொல்லலாம் என்று விட்டேன். இன்னும் சொல்லவில்லை.

அன்புடன்,
கேதீஸ்வரன்

தோகா,
06.09.2025

அன்புள்ள அண்ணைக்கு,

மனம் நிறைந்த வாழ்த்துகள். நளாவும் சொன்னாள், மண்டபம் சோலைக்குள் இருப்பது போல இருந்ததாம். என் பெயரைச் சொல்லவேண்டிய தேவையில்லை. ஏணியில் நின்றது நீங்கள்.

இனி அங்கே எனக்கு வேலை ஒன்றும் இல்லை. நாளை ஞாயிற்றுக்கிழமை அல்ல, அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பதினாலாம் திகதி கையெழுத்துப் போடுகிறேன். இரண்டு வருஷம் ஓடிவிடும்.

நவராத்திரிக்குப் பள்ளிக்கூட வாணிவிழாவில் ஆரணி ஆடுகிறாளாம். முன்வரிசையில் இருங்கள் அண்ணை. உங்கள் முகத்தைக் கண்டால் அவள் பயப்படமாட்டாள்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.

றொகான்

அச்சுவேலி,
10.09.2025

தம்பி றொகானுக்கு,

சுகம் விசாரிக்க நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு முன் நீர் இதை வாசிக்கவேண்டும்.

உமது கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் சும்மா திரிந்தேன். நேற்று மத்தியானம் ஏணியைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போய், எல்லாக் கிறில் தகட்டையும் கண்டபடி திருப்பிவிட்டேன். எது எங்கே நின்றது என்று நானே போட்டிருந்த சிவப்பு மைக் குறிகளையும் தின்னர் போட்டுத் துடைத்துவிட்டேன். ஆசைப்பட்டாலும் இனி என்னால் பழையபடி வைக்க முடியாது. ஒரு கிழமை செய்தது ஒரு மணித்தியாலத்தில் போயிற்று. கலா கீழே நின்று ஏணியைப் பிடித்தாள்.

பின்னேரம் மாமா மண்டபத்துக்குள் வந்து வேர்த்துப்போய் நின்றார். "என்ன கேதீஸ் இது? கலியாணத்தண்டு குளுகுளு எண்டு இருந்தது!" என்றார்.

"எனக்கு உது விளங்காது மாமா. றொகான் கீறி அனுப்பினதைப் பாத்துத்தான் அண்டைக்குச் செய்தனான். இப்ப என்ரை கைக்கு அடங்குதில்லை. ஆளைக் கூப்பிடுங்கோ" என்றேன்.

"அப்ப நான் அந்தச் சபையிலை சொல்லேக்கை ஏன் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டனீர்?"

"பொறாமை மாமா" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு கலாவைப் பார்த்தார். படியிறங்கிப் போனார். என்னைப் பற்றிச் சொன்ன அந்த ஒரு நல்ல வார்த்தையையும் கையோடு கொண்டுபோய்விட்டார்.

இன்றோ நாளையோ உமக்கு அழைப்பு வரும். இந்தக் கடிதம் கிடைத்ததாகக் காட்டிக்கொள்ளாதேயும். ஐப்பசியில் அடுத்த கலியாணம் பதிந்திருக்கிறது. அதற்குள் சரிக்கட்டாவிட்டால் கெடுவது என் பிழைப்புத்தான், ஆகையால் விளையாட்டு என்று நினைக்காதேயும். பஞ்சலிங்கம் முதலாளி புத்தூரில் மூன்று மாடி எழுப்புகிறார். காற்று வேலைக்கு ஆள் தேடினார். உமது பெயரைச் சொல்லியிருக்கிறேன். சும்மா வந்து நிற்கிறீர் என்று இனி ஒருவரும் சொல்ல ஏலாது.

நீர் வந்து திருத்தியதும் மாமா சந்தைக்குச் சந்தை நின்று உம்மைப் புகழுவார். எனக்கு எரியும். பள்ளிக்கூட வாசலில் ஆரணி என்னைத் தாண்டி உம்மிடம் ஓடிவருவாள். அது இன்னும் கூட எரியும். இப்போதே சொல்லிவைக்கிறேன், பிறகு என் முகத்தைப் பார்த்து ஒன்றும் நினைக்காதேயும்.

வாணிவிழாவுக்கு நான் போகமாட்டேன். முன்வரிசைக் கதிரை உம்முடையது. வாரும்.

கேதீஸ்வரன்